கட்டைவிரல் சுண்ணாம்பு

கல்லேரிப்பட்டியில் ஆண்களுக்கு எந்த வியாதியும் வருவதில்லை, சூடு மட்டும்தான் வரும். பெண்களுக்கென்றால் தோஷம் வரும், சாபம் வரும், காத்துக்கருப்பு அண்டும், கர்ப்பப்பை சுருங்கும். ஆண்களுக்குச் சூடு, அவ்வளவுதான். ஐந்து மாதம் ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் நெல் அறுக்கிற வண்டியோடு வயல் வயலாகப் போய், வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் படுத்து, வேலை இல்லாத நாளில் எங்கெங்கோ போய் வந்து, சித்திரை பிறக்கும்போது அவர்கள் ஊர் திரும்பினால், பத்தில் பாதிப் பேர் ஒன்றுக்குப் போக முடியாமல் கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார்கள். அடியில் என்ஜின் கொதிக்கிறது, மேலே வெயில் கொதிக்கிறது, நடுவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சூடு ஏறாமல் என்ன செய்யும் என்று ஊரே சொல்லும். பெண்சாதி பார்லி காய்ச்சுவாள், வெந்தயம் ஊறப்போடுவாள், மோர் கரைப்பாள், கடைசியில் ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்து புருஷனின் வலது கால் கட்டைவிரல் நகத்தில் தடவிவிடுவாள். சுண்ணாம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் தானாக உதிர்ந்துவிடும்.

அந்த வருஷம் சுண்ணாம்பு உதிரவில்லை.

முதலில் அது மாதேஸ்வரன் காலில்தான் தெரிந்தது. அவன் பெண்சாதி இளஞ்சியம், சேகோ மில்லில் மரவள்ளி மாவு காயப்போடும் களத்தில் வேலை பார்ப்பவள், மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தவள், காலையில் தான் துடைத்துவிட்டுப் போன சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும், எட்டு வைத்த இடத்துக்கு ஒன்றாக வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள், கடைசியில் கரண்டிக் காம்பால் சுரண்டினாள். சிமெண்டு பெயர்ந்து வந்ததே தவிர பொட்டு பெயரவில்லை. பெயர்ந்த குழியின் அடியிலும் அதே இடத்தில் அதே வெள்ளை இருந்தது.

"மாமா, காலை நீட்டுங்க" என்றாள்.

கட்டிலில் மல்லாந்து கிடந்த மாதேஸ்வரன் நீட்டினான். நகத்தின் மேல் சுண்ணாம்பு இப்போதுதான் வைத்தது மாதிரி ஈரமாக இருந்தது.

"வெச்சு நாலு நாளாச்சு. காயவே இல்லியே."

"நீ அதிகமா அப்பியிருப்ப."

"நகத்துல மட்டுந்தான் வெச்சேன்."

"அப்ப சுண்ணாம்பு சரியில்ல. கடையை மாத்து" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கடையை மாற்றினார்கள். புளி போட்டுத் தேய்த்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், பெயிண்டரிடம் தின்னர் வாங்கி வந்து ஊற வைத்தார்கள். அந்த வாரத்துக்குள் அறுப்பு வண்டியோடு போய் வந்தவர்களில் பதினோரு பேருக்கு இதே கதை. வலது கால் எங்கே பட்டதோ அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு. செருப்புப் போட்டால் செருப்பின் அடித்தோலைத் தாண்டி விழுந்தது, கேன்வாஸ் பூட்ஸ் போட்டால் அதன் ரப்பரைத் தாண்டி விழுந்தது, டவுன் பஸ்ஸில் ஏறினால் படியிலிருந்து சீட் வரைக்கும் விழுந்தது. மாரியம்மன் கோயிலில் அவர்கள் சுற்றி வந்த பிரகாரத்தில் மூன்று வரிசை வெள்ளை நின்றது. டீக்கடை குழந்தைவேலுவுக்கும் அந்தச் சித்திரையில் நிஜமாகவே உடம்பு சூடு. அடுப்புக்கு முன்னால் நாளெல்லாம் நிற்கிற ஆள். அவர் விரலில் வைத்த சுண்ணாம்பு இரண்டாம் நாளே உதிர்ந்துபோனது. அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஊர் எதற்கும் பழகிவிடும். மாதேஸ்வரனின் அம்மா நல்லம்மா முதல் மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் வீட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பொட்டையும் சுற்றி அரிசி மாவில் கோலம் போட்டு நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். மகாலட்சுமி வந்து நடந்துவிட்டுப் போயிருக்கிறாள், இந்த வருஷம் வீட்டில் தொட்டில் ஆடப் போகிறது என்று வருகிறவர் போகிறவரிடம் சொன்னாள். மற்ற பத்து வீட்டிலும் அதையே செய்தார்கள். பதினோரு ஆண்கள் மேலே எந்தக் குறையும் இல்லாமல், அவர்கள் நடந்த இடத்தில் எல்லாம் பூவும் பொட்டுமாக, சித்திரை கழிந்தது.

ஆனால் வைகாசியில் பக்கத்து ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள், பையன் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் பையன் காலைக் காட்டச் சொன்னார்கள். இதற்கு ஒரு வழி செய்யவேண்டிய பொறுப்பு ஊர்த்தலைவர் பழனிவேலுவுக்கு வந்தது. அறுப்பு வண்டிகள் நாலும் அவருடையவை. அவர் யோசித்து ஒரு முடிவு சொன்னார். ஊர்த்தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவது. தெருவே வெள்ளையாக இருந்தால் எது எவன் தடம் என்று எவனுக்குத் தெரியும்? பீப்பாய் பீப்பாயாகச் சுண்ணாம்பைக் கரைத்து, தென்னை மட்டையில் தோய்த்து, சிமெண்டு ரோட்டின் மேல் அடித்தார்கள். அடிக்க வேண்டியது பெண்கள்தான், நூறுநாள் வேலைக் கணக்கில். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புதுப் பூச்சு. வெயில் நேரத்தில் கண் கூசும். இளஞ்சியமும் மட்டையைப் பிடித்து அடித்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்தில் அவள் செய்யாதது இல்லை. கோயில் தரையைக் கழுவி, அந்தத் தரையிலேயே சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் எடுத்து மண்சோறு தின்றிருக்கிறாள். நாற்பத்தெட்டு நாள் வேப்பங்கொழுந்து அரைத்து விழுங்கியிருக்கிறாள். ஈரச்சேலையோடு உருண்டிருக்கிறாள். சேலம் ஆஸ்பத்திரியில் கருக்குழாயில் மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள், வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்த்தார்கள், அடைப்பு என்றார்கள், சுத்தம் செய்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் துணைக்கு வந்த நல்லம்மா, ஆஸ்பத்திரி வராண்டாவில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "எம்மவன் சிங்கமாட்டம் இருக்கறான், இவளுக்குத்தான் தரிக்க மாட்டேங்குது" என்று சொன்னாள். சொந்தக்காரர் வளைகாப்பில் அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

போன தை மாதம் நல்லம்மா பேச்சை எடுத்தாள். மாதேசுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவிடலாம். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் உன்னை மிதிப்பாள், உன் தங்கச்சியே வந்தால் உனக்கும் ஒரு ஆதரவு, பிறக்கிற பிள்ளை உனக்கும்தானே பிள்ளை. சட்டம் என்ன சொல்கிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. சரி என்று சொன்னது இளஞ்சியமேதான். மலடி என்ற சொல்லை ஒன்பது வருஷம் சுமந்தவள், அதை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தாள். தங்கச்சி கௌசல்யாவுக்கு இருபத்திரண்டு வயது, ஆத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள். அவளிடம் அப்பா அங்கமுத்து சொன்னது ஒன்றே ஒன்று. "நீ மாட்டேன்னா அக்காவை அனுப்பிருவாங்க கண்ணு." அவள் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, சரி என்றாள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

வைகாசிக் கடைசியில் இளஞ்சியத்துக்கு அடிவயிற்று வலி தாங்க முடியாமல் போய், களத்தில் மாவுப் படுக்கையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்தவள் ஒருத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே அறையைத் தாண்டி, பழைய கட்டில்கள் அடுக்கியிருந்த வராண்டாவின் கடைசியில் ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு, அங்கே இருந்த ரோஸ்மேரி என்கிற நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு அவளை எதிரில் உட்கார வைத்தாள்.

"வீட்டுக்காரருக்கு ஒன்னுக்குப் போறப்ப எரியுமா?"

"சூடுங்க சிஸ்டர். வருஷா வருஷம் வரும்."

"வருஷா வருஷம் வருதா! என்ன செய்வீங்க?"

இளஞ்சியம் பார்லியையும் மோரையும் சுண்ணாம்பையும் சொன்னாள். ரோஸ்மேரி கையிலிருந்த பேனாவை மேஜையில் போட்டாள்.

"இது சூடு இல்லம்மா. படுக்கையில ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டற கிருமி. பால்வினை நோய்ம்பாங்க. எரிச்சல் கொஞ்ச நாள்ல தானா அடங்கிரும், அடங்கிருச்சுன்னு விட்டுடுவாங்க. கிருமி அடங்காது. உள்ள போயி, விந்து வர்ற குழாயைப் புண்ணாக்கி அடைச்சுப்புடும். உனக்கும் குடுத்திருக்காரு, அதான் இந்த வலி, அதான் உன் குழாயிலயும் அடைப்பு. ஒம்பது வருஷமா உன்னைக் கிழிச்சுக் கிழிச்சுப் பார்த்தாங்களே, அவரை ஒரு தடவையாவது டெஸ்ட் எடுத்தாங்களா?"

"ஆம்பளைக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி இளஞ்சியத்தின் காதில் விழுந்தது. அது நல்லம்மாவின் குரலில் இருந்தது. தன் வாயிலேயே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. மண்சோறு தின்ற வாய். ஒன்பது வருஷமாக அந்த வாயால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள், எந்தத் தப்புக்கு என்று தெரியாமலே.

ரோஸ்மேரி இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பித்து, எரிச்சல் நின்றாலும் நிறுத்தாமல், கடைசி மாத்திரை வரைக்கும் விழுங்க வேண்டும். முடியும்வரை ஒன்றாகப் படுக்கக் கூடாது. முடிந்ததும் அவர் வந்து டெஸ்ட் கொடுக்க வேண்டும். "முதல் வருஷமே வந்திருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் போயிருக்காது" என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை நீட்டியபோது மாதேஸ்வரன் மறுக்கவில்லை. எரிச்சல் அவனை அழ வைத்துக்கொண்டிருந்தது. அவள் பங்கையும் சேர்த்து வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அது எனக்குங்க மாமா."

"உனக்கா எரியுது?"

அறுப்பு வண்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எதையும் தனியாகத் தின்ன மாட்டார்கள். ஒரு தட்டில் ஐந்து பேர் சாப்பிடுவார்கள், ஒரு பீடியை நாலு பேர் இழுப்பார்கள், ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு திரிவான். மாதேஸ்வரன் மாத்திரைகளைக் கோயில் அரச மரத்தடிக்குக் கொண்டுபோய், கத்தரிக்கோலால் நறுக்கி, பதினோரு பேருக்கும் சாமி பிரசாதம் மாதிரிப் பங்கு வைத்தான். ஆளுக்கு இரண்டு. இரண்டே நாளில் எல்லோருக்கும் எரிச்சல் குறைந்தது. டாக்டருக்கு நல்ல கைராசி என்று புகழ்ந்தார்கள். சுண்ணாம்பு மட்டும் ஈரம் காயாமல் அப்படியே இருந்தது. இளஞ்சியத்தின் வலியும் அப்படியே இருந்தது.

அவள் மாமியாரிடம் சொன்னாள். நல்லம்மா முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"ஆம்பளைன்னா நாலு எடம் போவான் வருவான். நீ ஒன்னைப் பெத்துக் குடுத்திருந்தா அவன் ஏன் போறான்?"

"கல்யாணமான முத சித்திரையிலேயே நான் பார்லி காய்ச்சினேன் அத்தை. அப்ப நான் வந்து ஆறு மாசங்கூட ஆவல."

நல்லம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். புடைத்து முடித்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள்.

பக்கத்து ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்து, கிருமி என்று சொல்லி, அது எப்படி ஒட்டுகிறது என்று வாயெடுத்ததும் அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "பொட்டப்புள்ள அப்பன்கிட்டப் பேசற பேச்சா இது?" கௌசல்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டாண்டி, இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டாள் தங்கை. ரோஸ்மேரி சொன்ன அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சின்ன வயதில் தான் தலைவாரிப் பின்னிவிட்ட பெண்ணிடம், படுக்கையைப் பற்றி, புருஷனின் அசிங்கத்தைப் பற்றி, தன் உடம்பில் ஏறியிருப்பதைப் பற்றிச் சொல்ல இளஞ்சியத்துக்கு நாக்கு எழவில்லை. "அவருக்கு, அது, சூடு" என்றாள். கௌசல்யா சிரித்துவிட்டாள். "சூட்டுக்கு மோர் குடுத்துக்கலாங்கா. உன்னை அந்த வீட்டுல விட்டுட்டு நான் எங்க போறது?"

வழியெல்லாம் இளஞ்சியம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை. அதைச் சொல்லத் துப்பில்லாமல் தங்கச்சியைக் கொண்டுபோய்த் தள்ளப் போகிறாயே என்று திட்டினாள்.

ஆடியில் பழனிவேலு இன்னொரு முடிவு சொன்னார். ஆண் பெண் அத்தனை பேரும் கட்டைவிரலில் சுண்ணாம்பு வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் இது எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிவிடலாம், வழக்கத்தை எவன் கேள்வி கேட்பான்? அம்மன் காப்புக் கட்டிய அன்று ஊரே வரிசையில் நின்று சுண்ணாம்பு வைத்துக்கொண்டது. சாயங்காலம் தெருக்குழாயடியில் பெண்கள் கால் கழுவினார்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் எல்லோருக்கும் போய்விட்டது, பதினோரு பேரைத் தவிர. இளஞ்சியத்தையும் சேர்த்து அந்தப் பதினோரு பேரும் அதே பதினோரு ஆண்களின் பெண்சாதிகள். கழுவக் கழுவ ஈரச் சுண்ணாம்பு அவர்கள் நகத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்காவது ஊருக்குப் புரியும் என்று இளஞ்சியம் நினைத்தாள். ஊருக்குப் புரிந்தது இப்படி.

"பாத்தீங்களா?" என்றார் பழனிவேலு. "எங்கருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சா? பசங்க பாவம், வீட்டுலருந்து ஒட்டிருக்குது."

பதினோரு ஆண்களும் தலையை ஆட்டினார்கள். எங்கள் நகத்தில் இருப்பதும் இவர்கள் கைபட்ட சுண்ணாம்புதானே என்றான் ஒருவன். ஐந்து மாதம் வீட்டுப்பக்கமே வராதவன் அவன். பதினோரு பெண்களையும் கோயிலுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கறைபட்ட கால் வீட்டில் இருப்பதால்தான் பிள்ளை நிற்கவில்லை, கறையில்லாத கால் சீக்கிரம் வரட்டும் என்று நல்லம்மா கல்யாணத்தை ஒரு வாரம் முன்னால் இழுத்தாள். இளஞ்சியத்துக்கு அழுகை வரவில்லை. வயிற்று வலியிருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. சோறு ஆக்கும்போதும், மாவைத் துழாவும்போதும், மட்டையைப் பிடித்துத் தெருவுக்கு வெள்ளையடிக்கும்போதும் அது அங்கேயே இருந்தது.

கல்யாணம் கோயில் மண்டபத்தில், காலை முகூர்த்தம். கோயிலுக்குள் வரக்கூடாது என்றவர்கள் அன்றைக்கு மட்டும் இளஞ்சியத்தைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் ஆள் வேண்டியிருந்தது. அங்கே மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கால் கழுவிவிடுவது முறை. கழுவ வேண்டியவன் பெண்ணின் அண்ணனோ தம்பியோ. கௌசல்யாவுக்கு இரண்டும் இல்லை. அப்பா கழுவட்டும், அக்கா தண்ணீர் ஊற்றட்டும் என்றார்கள். தன் புருஷனின் இரண்டாம் கல்யாணத்துக்கு அவன் காலில் தண்ணீர் ஊற்ற ஒருத்தியைக் கூப்பிடுகிறோமே என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாத்திரம் கழுவக் கூப்பிட்டிருந்த மற்றப் பத்துப் பெண்சாதிகளும் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதேஸ்வரனின் கட்டைவிரல் தெரியாமல் நல்லம்மா கனமாக மஞ்சள் பூசியிருந்தாள். அங்கமுத்து தாம்பாளத்தில் அவன் காலை வைத்துக் கையால் தேய்த்தார். இளஞ்சியம் செம்பைச் சாய்த்தாள். மஞ்சள் கரைந்தது, வெள்ளை வந்தது. மேளக்காரர்கள் வேகமாக வாசித்தார்கள். அங்கமுத்து பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். மாவு மூட்டை தூக்கிக் காய்ப்புக் கண்ட கை அது. தேய்க்கத் தேய்க்க வெள்ளை இன்னும் வெள்ளையானது. அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"தேய்ச்சாப் போறதில்லப்பா இது" என்றாள் இளஞ்சியம். "கௌசி, இங்க வா."

மணையில் மாலையோடு உட்கார்ந்திருந்த கௌசல்யா எழுந்து வந்தாள். இளஞ்சியம் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை ஒரு விரல் எடுத்தாள். குனிந்து தங்கையின் வலது கால் கட்டைவிரலில் தடவினாள். செம்பில் இருந்த தண்ணீரை ஊற்றினாள். சுண்ணாம்பு கரைந்து ஓடி, கீழே மருதாணிச் சிவப்போடு நகம் தெரிந்தது. பிறகு தன் வலது காலை அதன் பக்கத்தில் வைத்தாள். செம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினாள். வெள்ளை அப்படியே நின்றது.

மேளம் தானாக நின்றுபோனது.

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டு காலு" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். "கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்தப்ப என் காலும் இப்பிடித்தான் இருந்துச்சு. கழுவுனாப் போற காலு. இவ காலு இன்னைக்கு வரைக்கும் போவுது. நாளைக்குப் போவாது."

"இந்தாம்மா, நல்ல நேரத்துல தோஷத்தைப் பத்திப் பேசாத" என்று பழனிவேலு எழுந்தார்.

"தோஷம் இல்லீங்க. வியாதி. பேரு பால்வினை நோய். வேத்து ஊர்ல போயி வாங்கியாந்து எனக்குக் குடுத்தாரு. ஒம்பது வருஷமா வருஷந்தவறாம குடுத்தாரு. நீங்க எல்லாருஞ் சேந்து அதுக்குச் சூடுன்னு பேரு வெச்சீங்க, எனக்கு மலடின்னு பேரு வெச்சீங்க. என்னை மண்ணுல சோறு திங்க வெச்சீங்களே, ஒருத்தராவது அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

சமையல்கட்டு வாசலிலிருந்து ஒருத்தி வந்தாள். இளஞ்சியத்தின் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்தாள். இன்னொருத்தி வந்தாள். ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேரும் வந்து தாம்பாளத்தைச் சுற்றிக் காலை வைத்தார்கள். அவர்களுடைய புருஷன்கள் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்கள், நகர்ந்த வழியெல்லாம் பொட்டுப் பொட்டாகக் காட்டிக்கொடுத்தது.

"எனக்குத் தெரியாது புள்ள" என்றான் மாதேஸ்வரன். கழுவிய கால் இன்னும் மாமனார் கையில்தான் இருந்தது.

"தெரியாம இல்ல மாமா. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தீங்க. என் மாத்திரையை நறுக்கிப் பங்கு வெச்சப்பக்கூட உங்களுக்குத் தெரியாதா?"

கௌசல்யா அதுவரைக்கும் தன் காலையும் அக்கா காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தலையை நிமிர்த்தினாள்.

"இந்தக் காலோடதான் என் காலைப் புடிச்சு மெட்டி போட இருந்தீங்களா மாமா?"

அவள் மாலையைக் கழற்றி மணையின் மேல் வைத்தாள். அங்கமுத்து மருமகன் காலைக் கையிலிருந்து விட்டார். தாம்பாளத் தண்ணீரை மண்டபத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, தன் கைகளை நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து மூத்த மகள் முன்னால் நின்றார். "நீ அன்னைக்குச் சொல்ல வந்தப்ப நான் எந்திரிச்சுப் போயிருக்கக் கூடாது" என்றார். அதற்குள் மன்னித்துவிட இளஞ்சியத்துக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் பதினோரு பெண்களும் ஏறினார்கள். ஆறு ஆண்கள் அடுத்த பஸ்ஸில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் அந்த வாரக் கடைசிக்குள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், கடைசியாக மாதேஸ்வரன். ரோஸ்மேரி ஒவ்வொரு ஜோடியாக உள்ளே கூப்பிட்டு, தன் கண்ணெதிரிலேயே முதல் மாத்திரையை விழுங்க வைத்தாள். யாரும் யாருக்கும் பங்கு வைக்கக் கூடாது என்று அதட்டினாள். கடைசி மாத்திரை விழுங்கிய நாளில் சுண்ணாம்பு காய்ந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்தது. பெண்களுக்கு உதிர்ந்தது, ஆண்களுக்கும் உதிர்ந்தது. வீடுகளில் கோலத்துக்கு நடுவில் நின்ற பொட்டுகள் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் போய்விட்டன.

சுண்ணாம்பு போனது, அது செய்துவிட்டுப் போனது போகவில்லை. மாதேஸ்வரனின் டெஸ்ட் முடிவு ஐப்பசியில் வந்தது. உயிரணு ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கக் குழாயும் அடைபட்டிருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து பார்க்கலாம், கிடைத்தாலும் கிடைக்கும் கிடைக்காமலும் போகும் என்றார் டாக்டர். மாதேஸ்வரன் வராண்டாவில் அடுக்கியிருந்த பழைய கட்டில் ஒன்றின் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். இளஞ்சியம் அவன் பக்கத்தில் நின்றாள். ஒன்பது வருஷம் தான் அழுதபோது இவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது ஞாபகம் வந்தது. இரக்கமும் வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. அவன் தோளைத் தொடவில்லை. அந்தக் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதை நல்லம்மா கையில் கொடுத்து, உட்கார வைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு தன் துணிமணியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள்.

கடைசிச் சோதனைக்கு வந்திருந்த மற்றப் பத்துப் பெண்களும் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊர் முக்கில் இறங்கினால் ஏரிக்கரைச் சேற்றைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் வரைக்கும் செம்மண் சேறு அப்பிக்கொள்ளத் தாண்டினார்கள். அன்று வெள்ளிக்கிழமை. தடம் விழுவது நின்றுபோன பிறகும் பழனிவேலு பூச்சை நிறுத்தவில்லை, அது ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. மழை விட்டதும் அடித்த சுண்ணாம்பு தெரு முழுக்கப் பளிச்சென்று காய்ந்திருந்தது.

பதினோரு பெண்களும் தெருவின் நடுவே நடந்தார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் ஐந்து விரலும் குதிகாலுமாகச் செம்மண் தடம் வெள்ளையின் மேல் விழுந்தது.

பழனிவேலு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று கத்தினார். "ஏம்மா, கண்ணு தெரியலியா? இப்பத்தான அடிச்சு முடிச்சாங்க. ஓரமாப் போகக்கூடாதா?"

இளஞ்சியம் நின்றாள். திரும்பித் தாங்கள் வந்த வழியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க, போயிரும்" என்றாள். "எங்களது கழுவுனாப் போற காலு."

யாரும் வாளியை எடுத்துக்கொண்டு வரவில்லை. பெண்கள் கடைசி வீடு வரைக்கும் போய், திரும்பி, அதே தெருவின் நடுவிலேயே இன்னொரு தரம் நடந்து வந்தார்கள்.